இலவம்பஞ்சுத் தலையணை

இலஞ்சி
7.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி இசக்கிதுரை எழுதுவது. அம்மா, ஆனந்தவள்ளி மதினி, நான் மூவரும் சுகம். உன் உடம்பை விசாரித்து முதலில் நாலு வரி எழுத வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படுத்தினாள். எழுதிவிட்டேன் என்று சொல்லி உள்ளே அனுப்பியாயிற்று. குளிர் எப்படி இருக்கிறது? மிச்ச மூன்று வரியையும் கேட்டதாக வைத்துக்கொள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அந்த மலைமேல் பட்டாள முகாமிலிருந்து வாரத்துக்கு ஐந்து நிமிஷம் பேசுகிறாய். உன் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் மதினி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள், செத்தவர்களின் வேட்டி, சட்டை, பாய், படுக்கை எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்காதது எல்லாம் மூன்று கிலோமீட்டர் கீழே எங்கள் பம்ப் ஹவுசில் வந்து நிற்கும். திங்கள் காலை தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் நின்றுவிட்டது. வழக்கம்போல நான்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கம்பி வலையில் அடைத்ததைப் பிடுங்கினேன். நாலு சாக்குத் துணி. அதோடு ஒரு தலையணை. இலவம்பஞ்சு என்பதால் மிதந்து வந்திருக்கிறது. கனம் மட்டும் சரியில்லை. பஞ்சு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்தக் கனம் வராது. கத்தியால் ஓரத்தைக் கிழித்தேன்.

உள்ளே பாலிதீன் கவரில் சுற்றி, டேப் ஒட்டி, ஒன்பது கட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. நாலரை லட்சம். ஒரு நோட்டுகூட நனையவில்லை. சுற்றியவன் வேலை தெரிந்தவன்.

உறையின் உள்பக்கம் ஒரு துணிச்சீட்டு தைத்திருக்கிறது: வீரபாகு டெய்லர்ஸ், ஆய்க்குடி.

நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். அவர்கள் எறிந்தது குப்பை. குப்பையை அள்ளுவது என் வேலை. டிப்ளமோ படித்துவிட்டு மாதம் பதினோராயிரத்துக்கு அந்த வேலையைத்தான் செய்கிறேன். தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் மசூது பாயின் மோட்டார் காயில் கட்டும் கடை தெரியுமல்லவா? அவருக்குக் கண் தெரியவில்லை, மகள் வீட்டுக்கு சார்ஜா போகிறார். மெஷின், சாமான், கடை அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார். ஆவணிக்குள் சொல்ல வேண்டும்.

ஒரு வரிப் பதில் போதும். வைக்கவா, கொடுக்கவா?

இப்படிக்கு,
இசக்கிதுரை


24.8.2024
(இடம் எழுதக் கூடாது)

தம்பி துரைக்கு அண்ணன் குற்றாலிங்கம் ஆசீர்வாதம்.

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீராமல் பார்த்துக்கொள். வள்ளி கேட்டால் நான் மூன்று வேளையும் சாப்பிடுவதாகச் சொல்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பதினாறு நாள். இலஞ்சியிலிருந்து ஆய்க்குடி எவ்வளவு தூரம்லே? பைக்கில் இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் முடிகிற காரியத்தைப் பதினாறு நாள் தூரத்தில் இருக்கிறவனிடம் கேட்கிறாயே, உன் மனசு எங்கே கிடக்கிறது என்று அதிலேயே தெரிகிறது.

சீட்டில் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அது எப்படிலே குப்பை? ஒன்பது கட்டையும் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் கொடு. மனசிருந்தால் ஏதாவது தருவார்கள். தராவிட்டால் ஒரு காப்பி குடித்துவிட்டு வா. மசூது பாயிடம் நான் பேசுகிறேன். டிசம்பர் லீவில் வரும்போது ஏதாவது பார்க்கலாம்.

இனிமேல் இந்த விஷயத்துக்குக் கடிதம் வேண்டாம். கொடுத்தாயிற்று என்று போனில் ஒரு வார்த்தை சொல், எனக்குப் புரியும்.

குற்றாலிங்கம்


இலஞ்சி
12.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நூற்றெண்பதுக்கு இறங்கியிருக்கிறது. மதினி புதிதாக ஒரு எருமைக்கன்று வாங்கியிருக்கிறாள். அதற்கு உன் பெயரை வைக்கலாமா என்று கேட்கிறாள். நான் ஆட்சேபிக்கவில்லை.

மசூது பாய் கடையை எடுத்துவிட்டேன். சீட்டு எடுத்த பணம் இருந்தது. பம்ப் ஹவுசில் இந்த மாதத்தோடு கணக்கு முடித்துக்கொள்கிறேன். காயில் சுற்றும் மெஷின் பழசுதான், ஆனால் பேரிங் நன்றாக இருக்கிறது. பாய் என் கையைப் பிடித்து, "ஏ தொரை, கம்பிய அவசரப்பட்டு இழுக்காத, அறுந்துரும். ஒன் கொணத்துக்கு அது ஒண்ணுதான் எனக்குப் பயம்" என்றார்.

ஆய்க்குடிக்குப் பத்தாம் தேதி போனேன். வீடு பூட்டிக் கிடந்தது.

சீசன் முடிந்துவிட்டது. ஐந்தருவியில் நூல் மாதிரித் தண்ணீர் விழுகிறது.

இப்படிக்கு,
இசக்கிதுரை


30.9.2024

துரைக்கு,

சுகம். கன்றுக்கு என் பெயர் வேண்டாம் என்று வள்ளியிடம் சொல்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். சர்க்கரைக்கு ஒரு வரி, கன்றுக்கு மூன்று வரி, பேரிங்குக்கு ஒரு வரி. ஆய்க்குடிக்கு ஒன்றரை வரி.

படுக்கையை ஆற்றில் விட்டு இரண்டு மாதம் ஆகாத சாவு வீட்டை நம் பக்கத்தில் எவனாவது பூட்டிக்கொண்டு போவானா? நம்ம அய்யா செத்தபோது, வருஷம் திரும்புகிறவரை விளக்கில்லாமல் வீடு கிடக்கக் கூடாது என்று அம்மா வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. மறந்துவிட்டாயா?

நீ எந்தக் காலத்தில் சீட்டுப் போட்டாய்? மாதா மாதம் இருபதாம் தேதிக்கு மேல் பெட்ரோலுக்கு வள்ளியிடம் நூறு ரூபாய் வாங்குகிறவன்.

ஆய்க்குடியில் என்ன பார்த்தாய்? அதை எழுது. மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம்.

அண்ணன்


தென்காசி
22.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி போனபோது வீடு திறந்துதான் இருந்தது. ஒன்பது கட்டும் என் தோள்பையில் இருந்தது. கொடுக்கிற எண்ணத்தோடுதான் போனேன். இதை நீ நம்ப வேண்டும்.

வீரபாகு ஆடி மாதம் பிறந்த அன்று செத்திருக்கிறார். டெய்லர். கடைசி இரண்டு வருஷம் படுக்கை. கட்டிலில் இருந்தபடியே தென்னந்தோப்பை ஒரு கேரளாக்காரருக்கு விற்றிருக்கிறார். மகன் பாண்டியராஜுக்குப் பணம் வைத்த இடத்தைச் சொல்லவில்லை. சாகும்போது பேச்சு வரவில்லை. இதெல்லாம் எதிரே இருந்த டீக்கடையில் கேட்டது. அவராகவே தலையணைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார். மகன் அதை அவர் படுக்கையோடு ஆற்றில் விட்டிருக்கிறான்.

வாசலில் கூட்டம். இரண்டு போலீஸ். நடுவில் ஒரு பொம்பளை, நாற்பது வயது இருக்கும். பெயர் அனுசியா. சொந்த ஊர் திருவேங்கடத்துப் பக்கம். படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். பாண்டியராஜ் கத்திக்கொண்டிருந்தான்:

"எங்கய்யா தோப்ப வித்த துட்டுட்டி அது! ரெண்டு வருசமா அந்த ரூமுக்குள்ள கெடந்தவ நீதான? நீ எடுக்கலன்னா கட்டிலா தின்னுச்சு?"

"நான் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளுனேன். துட்ட அள்ளல. ஒங்கய்யாவ ஒரு நா நீங்க பொரட்டிப் போட்டியளா? பொரட்டிப் போட்டிருந்தா துட்டு எங்கன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"வாயப் பாரு, வாய! ஏய், இவ பெட்டியத் தொறங்க."

"பெட்டியத்தான் போன வாரமே தொறந்தாச்சே. செயினையும் கழத்தி வாங்கியாச்சு. இன்னும் என்ன தோலையா உரிக்கணும்?"

அப்போது ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "என்னலே வேடிக்க? வண்டிய எடு" என்றார். எடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் போய், இந்தாங்க துட்டு என்று நீட்டினால் பாண்டியராஜ் என்ன கேட்பான்? ஒரு மாதமாக உன்னிடம் எப்படி இருந்தது, இவளுக்கும் உனக்கும் என்ன என்பான். இது காரணம். இன்னொன்றும் உண்டு. பஜார் வரை வந்து வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் நின்றேன். திரும்பிப் போயிருக்கலாம். அந்த அம்மாவின் முகமும் மனசில் இருந்தது, மசூது பாயின் கடையும் இருந்தது. பை என் தோளில் இருந்தது. மறுநாள் ஒன்பது கட்டு ஆறாயிற்று.

வீடு பூட்டிக் கிடந்தது என்று எழுதியது அதனால்தான்.

இப்போது என்னைத் திட்டு.

இசக்கிதுரை


8.11.2024

துரைக்கு,

திட்டுவதற்கு நேரமில்லை. நாளை எங்களை மேலே அனுப்புகிறார்கள். பனி இறங்கிவிட்டால் தபால் ஹெலிகாப்டரில்தான். டிசம்பர் லீவும் இல்லை. இனி எப்போது எழுதுவேன் என்று சொல்ல முடியாது.

மிச்சம் ஆறு கட்டு இருக்கிறதா? அதைக் கார்த்திகை முடிவதற்குள் அந்த வீட்டில் சேர்த்துவிடு. எந்த வழியில் என்று நான் கேட்க மாட்டேன். மூன்று கட்டை நான் வந்து அடைக்கிறேன். பணம் பெரிசில்லைலே. ஒரு பொம்பளையைத் திருடி என்று தெருவில் நிறுத்தியிருக்கிறான். அவள் திருடவில்லை என்று தெரிந்தவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். இப்போது நானும்.

அம்மாவிடம் நான் மேலே போகிறதைச் சொல்லாதே.

குற்றாலிங்கம்


தென்காசி
2.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? மூன்று வாரமாகப் போன் இல்லை. ரேடியோவில் பனி என்று சொன்னாலே அம்மா அணைத்துவிடுகிறாள். நாங்கள் சுகம்.

கொடுத்துவிட்டேன்.

எப்படி என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வேலை அவ்வளவு சுத்தம். நேரில் போக முடியாது. மூன்று கட்டு குறைகிறது, கேள்வி வரும். தபாலில் அனுப்ப முடியாது. வாசலில் பையாக வைத்தால் தெருவில் போகிறவன் தூக்கிக்கொண்டு போவான். தெருக்காரன் எவனும் தொடாத, அந்த வீட்டுக்காரனுக்கு மட்டும் தெரிகிற ஒரு பொருளுக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒன்றுதான் உண்டு.

அந்தத் தலையணை உறையைத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, சீட்டோடு அப்படியே மறுபடி தைத்தேன். புது இலவம்பஞ்சு. நடுவில் ஆறு கட்டு, அதே பாலிதீன். கூடவே ஒரு தாள்: "இது உங்கள் அப்பா தலையணைக்குள் வைத்திருந்த பணம். ஆற்றில் போய்விட்டது. அனுசியா எடுக்கவில்லை. மூன்று கட்டு பாக்கி, பின்னால் வரும்." ஒரு ஓரத்தை மட்டும் லேசாகத் தைத்தேன். தூக்கினால் கட்டு கையில் தட்டும், இழுத்தால் நூல் வந்துவிடும்.

நேற்று ஞாயிறு, மதியம் மூன்று மணி. தெருவே சாப்பிட்டுப் படுத்துவிட்டது. கேட்டுக்கு உள்ளே கை விட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தேன். நாற்பது நொடி.

வரும்போது ஆய்க்குடி முருகன் கோவில் முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு சோடா குடித்தேன். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. இப்போதாவது என்னை ஒரு ஆளாக மதி.

இப்படிக்கு,
இசக்கிதுரை


தென்காசி
17.12.2024

அண்ணே,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனும் இல்லை. நல்லபடியாக இரு.

அனுசியாவின் செயினைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், அதைக் காதால் கேட்டுவிட்டு வருவோம் என்று முந்தாநாள் ஆய்க்குடி டீக்கடைக்குப் போனேன். டீக்கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் வாயால் சுருக்கிச் சொல்ல முடியவில்லை.

"தம்பி வெளியூரா? இந்தா எதுத்த வீட்ல நடந்தது தெரியாதா? ஆத்துல விட்ட தலவாணி திரும்பி வந்துட்டுல்லா! செத்தவரு தலவாணி! தொவச்சு, புதுசாப் பஞ்சு வச்சு, படியில கெடக்கு. பாண்டியராசு பொண்டாட்டி பாத்துட்டு அலறுனா பாருங்க, தெருவே கூடிட்டு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டது திரும்பி வந்தா என்ன அர்த்தம்? எல்லாம் அந்த அனுசியா வேல. துட்டையும் எடுத்துட்டு, செய்வினையும் வச்சிருக்கா."

"யாராவது தூக்கிப் பார்த்தாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தூக்குததா? எவன் தொடுவான்? கம்ப வச்சுத் தள்ளித் தெருவுல போட்டு, மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்துனாவ. பஞ்சுல்லா, குப்புனு புடிச்சுது. பொறவு பாத்தா உள்ள என்னமோ வேற மாதிரி எரியுது. பிளாஸ்டிக் நாத்தம். பாண்டியராசு, 'பாத்தியளா, உள்ள எதையோ வச்சு அனுப்பியிருக்கா'ன்னு இன்னும் ஒரு லிட்டர ஊத்துனான். சாம்பல அள்ளி முச்சந்தியில கொட்டியாச்சு."

டீக்குக் காசு கொடுத்தேனா என்று ஞாபகம் இல்லை.

தூக்குவார்கள் என்று வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போட்டேன். செத்தவரின் தலையணையைத் தொட மாட்டார்கள் என்று நானே எழுதியிருக்கிறேன் பார், போன கடிதத்தில். தெருக்காரன் தொட மாட்டான் என்று. மகன் தொடுவான் என்று யார் எனக்குச் சொன்னது? நம்ம அய்யாவின் படுக்கை திரும்பி வந்திருந்தால் நான் தொட்டிருப்பேனா?

அனுசியா திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறாள். தெருக்காரர்கள் அவள் இருந்த அறையிலிருந்து சாமானை வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். எங்கே போனாள் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை.

பதில் எழுது. ஒரு வரி போதும்.

இசக்கிதுரை


6.12.2024

துரைக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். ஒன்றுமில்லை, வலது கை கொஞ்சம் சரியில்லை. அம்மாவிடம் காட்டாதே.

நவம்பரில் நான் எழுதியதைக் கிழித்துப் போடு. பணம் இன்னும் உன்னிடம் இருந்தால் கொடுக்காதே. இருக்கட்டும். கடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். கடையில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்குமா? உட்கார்ந்து செய்கிற வேலை, கை அதிகம் தேவைப்படாத வேலை ஏதாவது உண்டா? ஏன் என்று கேட்காதே.

அந்த அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்பதைக் கவனிப்பாய். கவனித்துவிட்டு விட்டுவிடு.

அண்ணன்


தென்காசி
16.1.2025

அண்ணே,

பொங்கல் முடிந்தது. அம்மா உனக்கும் சேர்த்து இலை போட்டாள். மதினி சாப்பிடவில்லை.

நீ டிசம்பர் ஆறாம் தேதி எழுதிய கடிதம் நேற்று வந்தது. நான் தலையணையைப் படியில் வைத்தது ஒன்றாம் தேதி. என் டிசம்பர் கடிதங்கள் இரண்டும் உனக்கு வந்ததா என்றே தெரியவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும். கொடுக்காதே என்று நீ சொல்கிற பணம் சாம்பலாகி முச்சந்தியில் கிடக்கிறது.

வலது கையில் என்ன? இரண்டு பேர் உட்கார இடம் உண்டா என்று கேட்கிறாயே, எனக்குப் படிக்கத் தெரியும். மதினிக்கு ஏதோ போன் வந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை. நேராக எழுது.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கம்பி வலையில் பிடித்தது, கடைக்குக் கொடுத்தது, திருப்பி வைத்தது, அவன் கொளுத்தியது. கடையை விற்றால் மூன்று கட்டு வரும், அதைக் கொடுக்கலாம். உள்ளே வைத்தால் வைக்கட்டும். அவள் பெயராவது வெளியே வரும்.

ஸ்டேஷன் கடையிலிருந்து ஐந்து நிமிஷம். ஆனாலும் இந்தத் தடவையும் உன்னைத்தான் கேட்கிறேன்.

இசக்கிதுரை


மிலிட்டரி ஆஸ்பத்திரி
12.2.2025

துரைக்கு,

உன் மூன்று கடிதமும் ஒன்றாக வந்தன. போன் இப்போது கையில் இருக்கிறது. ஆனால் வள்ளி நாலு நாளாக இங்கே கட்டில் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் இதை எழுதத்தான் வேண்டும். அவள் பால் வாங்கப் போயிருக்கிறாள்.

பனியில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கிறது, டம்ளர் பிடிக்கலாம். பட்டாளம் இனி என்னை வைத்துக்கொள்ளாது. பென்ஷன் வரும். அது அம்மாவின் மாத்திரைக்கும் கன்றின் தீவனத்துக்கும் சரியாக இருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போகாதே.

போனால் என்ன ஆகும் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. பணம் எங்கே என்பார்கள். எரிந்துவிட்டது என்பாய். எரித்தது யார்? பாண்டியராஜ். நீ சொல்வதை அவன் நம்பினால், சொந்தத் தகப்பன் சேர்த்த மூன்று லட்சத்தைத் தன் கையால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவன் ஆவான். எந்த மனுஷன் அதை நம்புவான்? அந்த அம்மா திருடி என்றால்தான் அவன் ராத்திரி தூங்க முடியும். நீ போனால் அவளோடு உன்னையும் சேர்த்துக் கட்டுவார்கள். கூட்டுக் களவாணி என்பார்கள். அவள் பெயரும் வெளியே வராது, கடையும் போகும். நான் எங்கே உட்காருவேன்?

ஆகஸ்டில் உனக்குப் புத்தி சொன்ன அண்ணனுக்கு ஐந்து விரல் இருந்தது.

வள்ளி வருகிறாள். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்


தென்காசி
9.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் நீ வந்துவிடுவாய் என்று மதினி போனில் சொன்னாள். விரல் விஷயத்தை அம்மாவிடம் சொல்லியாயிற்று. எந்தக் கை என்று மட்டும் கேட்டாள்.

கடையில் உனக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். கை வைத்தது. பில் போட, போன் எடுக்க, சாமான் பார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது யார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் வந்த பிறகு இதைப் பேச வேண்டாம்.

வியாழக்கிழமை காலை ஒரு பொம்பளை வயர்கூடையில் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, சுத்த மாட்டேங்கு. கருகல் வாடை அடிக்கி."

நிமிர்ந்து பார்த்தேன். இளைத்திருந்தாள், கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் குரல் அதேதான். அவளுக்கு என்னைத் தெரியாது. தெருவில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தன், அவ்வளவுதான்.

"வச்சிட்டுப் போங்கம்மா. சாயங்காலம் வாங்க."

"இல்ல தம்பி, இங்கனயே இருக்கேன். இத வச்சுத்தான் பொடி அரச்சு விக்கேன். முன்ன மேலுக்கு முடியாதவங்களப் பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப எவரும் வீட்டுக்குள்ள விட மாட்டேங்காவ."

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். காயில் முழுக்கக் கருகியிருந்தது. பழசைப் பிரித்துப் புதுசு சுற்ற இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு தடவை கம்பி அறுந்தது. கடை எடுத்த நாளிலிருந்து அதுவரை எனக்குக் கம்பி அறுந்ததில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொறுமையாப் பாருங்க தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. போறதுக்கு எடம் இருந்தால்லா அவசரப்படணும்."

ஓட்டிக் காட்டினேன். எவ்வளவு என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா. சின்ன வேலதான்."

அவள் முகம் மாறிவிட்டது, அண்ணே. ஆய்க்குடியில் போலீஸ் முன்னால் நின்றபோதுகூட அப்படி மாறவில்லை.

"ரெண்டு மணி நேரம் குனிஞ்சு கெடந்துட்டுச் சின்ன வேலங்கிய? சும்மா வாங்கிட்டுப் போனா, இதையும் எங்கயோ எடுத்துட்டு வந்துட்டாம்பாவ. துட்ட வாங்கிட்டு ரசீது போட்டுத் தாங்க."

முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கினேன். பெயர் கேட்டேன்.

"அனுசியா. கொஞ்சம் தெளிவா எழுதுங்க தம்பி. ஏட்டய்யா படிச்சுப் பாப்பாரு."

மிக்சி மோட்டார் காயில் கட்டியது, ரூபாய் முந்நூற்றைம்பது, முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் கூடையின் அடியிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தாள். மடித்து மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். உள்ளே எல்லாம் ரசீது. அரிசிக்கடை, மாத்திரை, செருப்பு தைத்தது, பஸ் டிக்கெட். கட்டுக் கட்டாக. என்னுடையதையும் வைத்துச் சுற்றினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, அவ்வளவு சுத்தமாக.

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது உன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த நாற்காலியைப் பார்த்தேன். வந்தது உள்ளே போய்விட்டது.

வாசல்படி இறங்கியவள் திரும்பினாள்.

"தம்பி, நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, நான் துட்டுக் குடுத்துத்தான் வாங்கிட்டுப் போனேன்னு சொல்லுவியளா?"

"சொல்லுவேன்" என்றேன்.

பத்திரமாக வந்து சேர். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் தம்பி,
இசக்கிதுரை